மலேசியத் தமிழ் வீட்டில் கன்சோல்: விளையாட்டுக்கு அப்பால் என்ன கிடைக்கிறது

கோலாலம்பூரின் லோ யாட் பிளாசாவிலோ பினாங்கின் பிராங்கின் மாலிலோ பிள்ளைகளுக்குக் கன்சோல் என்னும் வீடியோ விளையாட்டுப் பெட்டி வாங்கித் தர வரும் பெற்றோர் விளையாட்டைப் பற்றி அதிகம் விசாரிப்பதில்லை. இதில் படம் பார்க்கலாமா, யூடியூப் வருமா, வீட்டில் கிடக்கும் பழைய டிவிடிகள் ஓடுமா, தனியாக இன்னொரு பெட்டி வாங்க வேண்டியிருக்குமா என்றுதான் கேட்கிறார்கள். ஒரு மாதச் சம்பளத்தில் கணிசமான பங்கை விழுங்கும் பொருள் குடும்பம் முழுவதற்கும் பயன்பட வேண்டும் என்று அவர்கள் நினைப்பதில் நியாயம் இருக்கிறது. எல்லாம் வரும் என்பதே பெரும்பாலும் கடையில் கிடைக்கும் பதில். அதில் பாதிதான் உண்மை. மீதிப் பாதியை விளங்கிக்கொள்ள, கன்சோல்கள் முப்பது ஆண்டுகளாக வீட்டுத் திரையில் எதையெல்லாம் காட்ட முன்வந்தன, எதையெல்லாம் காட்ட மறுத்தன என்று பார்க்க வேண்டும்.

கன்சோல் என்பது அடிப்படையில் ஒரு கணினி. படத்தையோ பாட்டையோ ஓட்டும் வலு பெரும்பாலும் அதற்கு இருந்திருக்கிறது. ஆயினும் எதை ஓட்டவிடுவது என்பதை வலு தீர்மானிப்பதில்லை. உரிமக் கட்டணமும், ஒரு வட்டாரத்தில் விற்ற வட்டை வேறு வட்டாரத்துப் பெட்டியில் ஓடவிடாத மண்டலப் பூட்டும், தயாரிப்பு நிறுவனத்தின் வணிகக் கணக்குமே தீர்மானிக்கின்றன. அந்தக் கணக்கு போடப்படும்போது தோக்கியோ, சியாட்டில் வீடுகள் கண்முன் நிற்கின்றனவே தவிர செந்தூலோ பட்டர்வொர்த்தோ நிற்பதில்லை. ஆகவே ஒரு கன்சோலின் திறன்பட்டியலைப் படித்துவிட்டு அது நம் வீட்டுக்கு நல்ல பல்லூடகக் கருவி என்று முடிவு கட்டுவது போதாது. நாம் எதைப் பார்க்கிறோம், அது எந்த வடிவில் நம் கைக்கு வருகிறது என்பதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் ஒப்பீடு பொருள்படும்.

1994 டிசம்பரில் ஜப்பானில் வெளியான சோனி நிறுவனத்தின் முதல் பிளேஸ்டேஷன் இசைக் குறுந்தட்டுகளையும் ஓட்டியது. அதற்கு முன்பே பிலிப்ஸ் நிறுவனத்தின் சிடி-ஐ போன்ற கருவிகள் விளையாட்டையும் படத்தையும் ஒரே வட்டில் அடக்க முயன்று, மக்களிடம் எடுபடாமல் போயிருந்தன. பிளேஸ்டேஷன் அந்த வீண் முயற்சியில் இறங்கவில்லை. விளையாட்டே முதன்மை, பாட்டு உபரி என்று வைத்துக்கொண்டது. ஆனால் அந்த ஆண்டுகளில் மலேசியாவிலும் ஹாங்காங்கிலும் சிங்கப்பூரிலும் வீடுகளை நிறைத்திருந்தது விசிடி, அதாவது படம் பதிந்த குறுந்தட்டு. 1993இல் வரையறுக்கப்பட்ட அந்த வடிவம் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் காலூன்றவே இல்லை. பால் (PAL) என்னும் தொலைக்காட்சி முறையில் 352-க்கு 288 புள்ளிகள் மட்டுமே கொண்ட படம், ஒரு வட்டில் ஏறத்தாழ 74 நிமிடம், அவ்வளவுதான். இரண்டே முக்கால் மணி நேரம் ஓடும் தமிழ்ப் படம் மூன்று வட்டுகளாக வரும். விறுவிறுப்பான கட்டத்தில் படம் நின்றுபோக, யாராவது எழுந்துபோய் அடுத்த வட்டை மாற்ற வேண்டும். காட்சி மங்கலாக இருந்தாலும், பிரிக்பீல்ட்ஸ் கடைகளிலும் பினாங்கு லிட்டல் இந்தியாவிலும் மலிவாகக் கிடைத்த அந்த வட்டுகள்தாம் ஒரு தலைமுறைக்குத் தமிழ் சினிமாவைக் கொண்டுவந்து சேர்த்தன.

இதைச் சோனி நிறுவனம் அறியாமல் இல்லை. ஆசியச் சந்தைக்கென்றே வெள்ளை நிறத்தில் ஒரு பிளேஸ்டேஷனை வெளியிட்டது. அதன் சிறப்பே அது விசிடி ஓட்டும் என்பதுதான். சாம்பல் நிறப் பெட்டிகளுக்கிடையே இன்று சேகரிப்பாளர்கள் தேடும் அரிய பொருளாகிவிட்ட அந்தக் கன்சோல், இந்த வட்டாரத்து மக்கள் என்ன பார்க்கிறார்கள் என்று கேட்டுச் செய்யப்பட்ட ஒன்று. பின்னால் வந்த எந்தக் கன்சோலிலும் அப்படிப்பட்ட அக்கறையை நான் காணவில்லை. கன்சோல் வரலாற்றை எழுதுவோர் அதை ஒரு வரியில் கடந்துவிடுவது எனக்கு வருத்தமே தருகிறது.

2000 மார்ச்சில் வந்த பிளேஸ்டேஷன் 2 நிலைமையைத் தலைகீழாக்கியது. ஜப்பானில் அதன் விலை 39,800 யென். தனி டிவிடி பிளேயர் ஒன்றுக்கே ஏறத்தாழ அந்த விலை கொடுக்க வேண்டியிருந்த காலம் அது. ஆகவே படம் பார்ப்பதற்காகவே பலர் அதை வாங்கினார்கள். பதினைந்து கோடிக்கும் மேல் விற்று, இன்றுவரை மிக அதிகம் விற்பனையான கன்சோலாக அது நிலைபெற்றதில் டிவிடிக்கு இருந்த பங்கு பெரிது. ஆனால் இந்த வெற்றிக் கதையை நம் ஊருக்கு அப்படியே பொருத்த முடியாது. பிளேஸ்டேஷன் 2 டிவிடியை ஓட்டியது, விசிடியை ஓட்டவில்லை. ஜப்பானியரும் அமெரிக்கரும் வீடியோ நாடாவிலிருந்து நேராக டிவிடிக்குத் தாவியவர்கள். அவர்களுக்கு இது ஒரு குறையாகவே தெரிந்திருக்காது. அலமாரி நிறைய விசிடி அடுக்கி வைத்திருந்த மலேசியக் குடும்பத்துக்கோ, வீட்டிலுள்ள படங்களில் பெரும்பாலானவற்றைப் புதிய கன்சோல் தொடக்கூட மறுத்தது. அதே காலத்தில் சீனாவிலிருந்து வந்து குவிந்த மலிவான பிளேயர்கள் விசிடி, டிவிடி, எம்பி3 வட்டு என எதைப் போட்டாலும் ஓட்டின. மண்டலக் குறியீட்டையும் அவை பொருட்படுத்தவில்லை. விளைவாக, பல வீடுகளில் தொலைக்காட்சியின் கீழே இரண்டு பெட்டிகளும் அருகருகே இருந்தன: ஒன்று பிள்ளைகளுக்கு, மற்றொன்று மற்ற எல்லாருக்கும்.

மண்டலக் குறியீட்டைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் தமிழ்ப் பார்வையாளரை அது தனியாகப் பாதிக்கிறது. டிவிடியை வகுத்தவர்கள் உலகைப் பல மண்டலங்களாகப் பிரித்தபோது மலேசியா உள்ளிட்ட தென்கிழக்காசியா மூன்றாம் மண்டலத்தில் விழுந்தது. இந்தியா ஐந்தாம் மண்டலத்தில் விழுந்தது. நாம் வாழும் நாடு ஒரு பூட்டுக்குள், நாம் பார்க்கும் படங்களின் தாயகம் வேறொரு பூட்டுக்குள். கோலாலம்பூரில் முறையாக விற்கப்பட்ட பிளேஸ்டேஷன் 2 மூன்றாம் மண்டலத்து வட்டையே ஏற்கும். அதைப் பயனர் மாற்றிக்கொள்ள வழியில்லை. நல்வாய்ப்பாக, வெளிநாடுவாழ் தமிழருக்கென வட்டு வெளியிட்ட நிறுவனங்கள் பலவும் மண்டலப் பூட்டு இல்லாமலே வெளியிட்டதால் பெரும்பாலான தமிழ் டிவிடிகள் இங்கே தடையின்றி ஓடின. அந்த நிறுவனங்களின் பார்வையாளர்கள் லண்டன், டொரோண்டோ, சிங்கப்பூர், கிள்ளான் எனச் சிதறிக் கிடந்ததால், பூட்டுப் போட்டிருந்தால் அவர்களுக்கே நட்டம். சிக்கல் வந்தது ஜப்பானிலிருந்து பையில் போட்டுக்கொண்டு வந்த பெட்டிகளால். அவை இரண்டாம் மண்டலத்தவை. அதைவிட முக்கியமாக, 100 வோல்ட் மின்சாரத்துக்குச் செய்யப்பட்டவை. மின்மாற்றி இல்லாமல் நம் 240 வோல்ட் சுவரில் செருகினால் பெட்டி அந்தக் கணமே கருகும். இன்றைய கன்சோல்கள் இரண்டு அழுத்தங்களையும் தாங்குகின்றன என்பதால் இந்தக் கவலை இப்போது பழைய பெட்டி வாங்குவோருக்கு மட்டுமே உரியது.

மைக்ரோசாஃப்டின் முதல் எக்ஸ்பாக்ஸ் 2001 நவம்பரில் வந்தது. உள்ளே டிவிடி இயக்கி இருந்தும், தனியாக விற்கப்பட்ட ரிமோட்டையும் அதன் உணர்வியையும் வாங்கிச் செருகாதவரை அது படம் ஓட்டாது. டிவிடி உரிமக் கட்டணத்தைப் பெட்டியின் விலையில் ஏற்றாமல், படம் பார்க்க விரும்புவோரிடம் மட்டும் வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு அது. நின்டெண்டோ இன்னும் ஒரு படி மேலே போய், கேம்கியூபில் எட்டு சென்டிமீட்டர் சிறுவட்டைப் பயன்படுத்தி, சாதாரண டிவிடியை உள்ளே வைக்கவே இடமில்லாமல் செய்தது. டிவிடி ஓட்டும் கேம்கியூப் ஒன்றைப் பானசோனிக் நிறுவனம் ஜப்பானில் மட்டும் வெளியிட்டது. பின்னர் பத்து கோடிக்கும் மேல் விற்ற வீயும் டிவிடிப் படங்களை ஓட்டவில்லை. 2017இல் வந்த அதன் சுவிட்ச் கன்சோலிலும் யூடியூப் உண்டு, நெட்ஃபிளிக்ஸ் இல்லை. அந்த நிறுவனத்தின் விளையாட்டுகள் குடும்பமாகக் கூடி ஆட மிக நல்லவை. படத்துக்கும் பாட்டுக்கும் அவற்றை எதிர்பார்க்கக் கூடாது. நின்டெண்டோவைப் பற்றி இந்த அளவு போதும்.

முதல் எக்ஸ்பாக்ஸ் பிறிதொரு காரணத்துக்காக நினைவுகூரத் தக்கது. நிறுவனம் பூட்டி வைத்ததைத் திறந்த ஆர்வலர்கள், எக்ஸ்பாக்ஸ் மீடியா சென்டர் என்னும் மென்பொருளை எழுதினார்கள். மாற்றியமைக்கப்பட்ட பெட்டிகளில் மட்டுமே ஓடிய அது, வலைப்பின்னலில் உள்ள கணினியிலிருந்து படங்களை எடுத்து ஓட்டியது, விசிடியையும் ஓட்டியது, நிறுவனமே தராத நேர்த்தியோடு படங்களை அட்டைப்படத்தோடு அடுக்கிக் காட்டியது. 2014இல் கோடி (Kodi) என்று பெயர் மாறி இன்று உலகெங்கும் பயன்படும் மென்பொருள் அதுவே. தங்கள் பெட்டியால் என்னவெல்லாம் செய்ய முடியும் என்பதைப் பயனர்கள்தாம் முதலில் காட்டினார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கன்சோல் உலகில் இல்லை.

பல்லூடகக் கருவி என்னும் வகையில் ஒரே ஒரு கன்சோலுக்கு மட்டும் தயங்காமல் முதலிடம் கொடுக்கச் சொன்னால், நான் 2006 நவம்பரில் வந்த பிளேஸ்டேஷன் 3-க்கே கொடுப்பேன். அன்று அதன் விலை, எந்த மாதிரி என்பதைப் பொறுத்து, 499 அல்லது 599 அமெரிக்க டாலர். மக்கள் கடுமையாக முணுமுணுத்தார்கள். ஆனால் உள்ளே, உயர் தெளிவுப் படங்களுக்கான புதிய வட்டாகிய புளூ-ரேயை ஓட்டும் இயக்கி இருந்தது. அப்போது தனி புளூ-ரே பிளேயர்கள் அதைவிடவும் விலை கூடியவை. நீல லேசர் டையோடுகள் போதிய அளவில் கிடைக்காததால் ஐரோப்பிய வெளியீடே 2007 மார்ச்சுக்குத் தள்ளிப்போனது என்றால், அந்த இயக்கிக்காகச் சோனி எவ்வளவு பணயம் வைத்தது என்பது புரியும். எதிரணியில் தோஷிபாவின் எச்டி டிவிடி என்னும் போட்டி வட்டு இருந்தது. மைக்ரோசாஃப்ட் அதைத் தன் எக்ஸ்பாக்ஸ் 360-க்குள் வைக்காமல், 199 டாலருக்குத் தனி இணைப்பாக விற்றது. பிளேஸ்டேஷன் 3 வாங்கிய ஒவ்வொருவரும் தாம் கேட்காமலே புளூ-ரே வைத்திருப்பவராகிவிட்டார். எச்டி டிவிடியை விரும்பியவர் மட்டுமே அந்த இணைப்பை வாங்கினார். 2008 பிப்ரவரியில் தோஷிபா விலகிக்கொண்டது. ஒரு விளையாட்டுப் பெட்டி திரைப்பட வட்டின் எதிர்காலத்தைத் தீர்மானித்ததில் முக்கியக் காரணியாக இருந்த நேரம் அது.

வாங்கிய பிறகும் அந்தப் பெட்டி வளர்ந்துகொண்டே இருந்தது என்பதுதான் அதன் தனிப் பெருமை. 2007இல் வந்த மென்பொருள் புதுப்பிப்புகள் பழைய டிவிடிகளின் படத்தை உயர் தெளிவுத் திரைக்கு ஏற்றவாறு பெருக்கிக் காட்டின. புளூ-ரே படங்களைத் திரையரங்கில் ஓடும் அதே நொடிக்கு 24 சட்டக வேகத்தில் வெளியிட்டன. வீட்டுக் கணினியிலுள்ள பாட்டையும் படத்தையும் வலைப்பின்னல் வழியே எடுத்து ஓட்டின. 2010இல் முப்பரிமாணப் புளூ-ரேயும் சேர்ந்தது. தனி பிளேயர் வாங்கியவர் ஒவ்வொன்றுக்கும் புதுப் பெட்டி வாங்க வேண்டியிருந்த காலத்தில் இவையெல்லாம் இலவசமாக வந்து சேர்ந்தன. குறைகளும் இருந்தன. அகச்சிவப்புக் கதிர் ஏற்பி அதில் கிடையாது; ஆகவே வீட்டிலிருந்த பொது ரிமோட் எதற்கும் அது பணியாது, புளூடூத் ரிமோட்டைத் தனியாக வாங்க வேண்டும். வெளி வட்டகத்தில் (ஹார்ட் டிஸ்க்) எஃப்ஏடி32 என்னும் பழைய சேமிப்பு வடிவை மட்டுமே படித்ததால் நான்கு ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட கோப்பை அதில் வைக்கவே முடியாது. மண்டலப் பூட்டும் விடவில்லை: புளூ-ரேயில் மலேசியா ஏ மண்டலம், இந்தியா சி மண்டலம். விளையாட்டு வட்டுகளுக்கு இல்லாத பூட்டு திரைப்பட வட்டுகளுக்கு மட்டும் இருந்தது. சென்னையிலிருந்து உறவினர் வாங்கி வரும் புளூ-ரேயின் பின்னட்டையில், உலக உருண்டைச் சின்னத்துக்குள் ஏ எழுத்தும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது இன்றைக்கும் தேவையான எச்சரிக்கைதான். மூன்று எழுத்துகளும் இருந்தால் கவலையில்லை. 4கே புளூ-ரேக்களுக்கு இந்தப் பூட்டே கிடையாது.

அமெரிக்காவில் கன்சோல்கள் வட்டிலிருந்து இணைய ஓடைக்கு (ஸ்ட்ரீமிங்) மாறியது நமக்கு வெகு காலம் வெறும் செய்தியாகவே இருந்தது. 2008 நவம்பரில் அங்கே எக்ஸ்பாக்ஸ் 360-இல் நெட்ஃபிளிக்ஸ் வந்தது. மறு ஆண்டு பிளேஸ்டேஷன் 3-இல் வந்தது. மலேசியாவில் யூனிஃபை ஒளியிழை இணையச் சேவை தொடங்கியதே 2010 மார்ச்சில்தான். நெட்ஃபிளிக்ஸ் இங்கே வந்தது 2016 ஜனவரியில். இடைப்பட்ட அந்த ஏழு ஆண்டுகளில், விளம்பரங்கள் சொன்ன பல்லூடகப் பெருமைகளில் பெரும்பகுதி நம் வீட்டுக் கன்சோல்களில் உயிரற்ற சின்னங்களாகத் திரையில் கிடந்தன. அந்தக் காலம் முழுவதும் தமிழ் வீட்டுத் திரையை ஆண்டது, கட்டணத் தொலைக்காட்சியான அஸ்ட்ரோவின் டிகோடர் பெட்டிதான். வானவில் அலைவரிசையும் பின்னர் வந்த விண்மீனும், சன் தொலைக்காட்சித் தொடர்களும் அதன் வழியே வந்தன. மாலை நேரத்தில் தொலைக்காட்சியின் எந்த உள்ளீடு இயங்கும் என்பதை வீட்டுப் பெரியவர்கள் தீர்மானித்தார்கள். கன்சோலுக்கு மிஞ்சியது தொடர் முடிந்த பிறகான நேரம்.

அந்த டிகோடரோடு சமாதானம் பேச முயன்ற ஒரே கன்சோல், 2013 நவம்பரில் வந்த எக்ஸ்பாக்ஸ் ஒன். அதன் பின்புறத்தில் எச்டிஎம்ஐ உள்ளீடு ஒன்று இருந்தது. டிகோடரின் கம்பியை அதில் செருகினால் தொலைக்காட்சி அலைவரிசையும் விளையாட்டும் ஒரே பெட்டியின் வழியே ஓடும். ரிமோட்டைத் தேடி உள்ளீட்டை மாற்ற வேண்டியதில்லை. கூட்டுக் குடும்ப வரவேற்பறைக்கு இதைவிடப் பொருத்தமான யோசனை இருக்க முடியாது. ஆனால் அது அமெரிக்கத் தொலைக்காட்சியை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது. அங்கே ஒளிபரப்பு 60 ஹெர்ட்ஸ். இங்கேயும் ஐரோப்பாவிலும் 50 ஹெர்ட்ஸ். நொடிக்கு ஐம்பது முறை வரும் படத்தை அறுபது முறையாக்கி வெளியிட்டதால், கேமரா பக்கவாட்டில் நகரும்போதும் திரையடியில் எழுத்து ஓடும்போதும் காட்சி விட்டு விட்டுத் துடித்தது. காற்பந்து பார்ப்பவர்களுக்கு அது சகிக்க முடியாததாக இருந்தது. பின்னர் வந்த புதுப்பிப்பில் 50 ஹெர்ட்ஸ் தெரிவு சேர்க்கப்பட்டாலும், அலைவரிசை வழிகாட்டி நம் நாட்டு ஒளிபரப்பை அறியவே இல்லை. அடுத்த தலைமுறைப் பெட்டியில் அந்த உள்ளீட்டையே நிறுவனம் எடுத்துவிட்டது. நல்ல யோசனை ஒன்று, அது பிறந்த நாட்டில் தேவைப்படவில்லை என்பதால் கைவிடப்பட்டது. அதன் தேவை அதிகமாக இருந்த வீடுகளை யாரும் கேட்கவில்லை.

அதே மாதம் வந்த பிளேஸ்டேஷன் 4 எதிர்த்திசையில் போனது. 399 டாலர் விலையில், எக்ஸ்பாக்ஸைவிட 100 டாலர் குறைவாக, விளையாட்டையே முன்னிறுத்தி விற்றது; வெற்றியும் பெற்றது. பல்லூடக வகையில் அது பிளேஸ்டேஷன் 3-ஐவிடப் பின்தங்கியது. பிலிப்ஸோடு சேர்ந்து குறுந்தட்டை உருவாக்கிய சோனி, இந்தப் பெட்டியிலிருந்து இசைக் குறுந்தட்டை ஓட்டும் வசதியை நீக்கிவிட்டது. பிளேஸ்டேஷன் 5-இலும் அது திரும்பி வரவில்லை. வீட்டு வலைப்பின்னலிலிருந்து படம் ஓட்டும் வசதி 2015இல்தான் தனிச் செயலியாக வந்தது. வட்டுப் படம் ஓட்ட வேண்டுமானால் புதுப்பெட்டியை ஒருமுறையாவது இணையத்தில் இணைத்தாக வேண்டும். எக்ஸ்பாக்ஸிலும் புளூ-ரே செயலியைப் பதிவிறக்கினால்தான் வட்டு ஓடும். வாங்கி வந்த அன்றே இணையமில்லாத வீட்டில் டிவிடியைப் போட்டுப் பார்த்துவிட்டுப் பெட்டி பழுது என்று கடைக்குத் திருப்பி எடுத்துச் செல்வோர், இந்த ஒன்றை அறிந்திருந்தால் ஒரு நடை மிச்சமாகும்.

இப்போதைய பெட்டிகளுக்கு வருவோம். 2020 நவம்பரில் வெளியான எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸும், வட்டு இயக்கியுள்ள பிளேஸ்டேஷன் 5-உம் 4கே புளூ-ரே, புளூ-ரே, டிவிடி மூன்றையும் ஓட்டுகின்றன. அதே நாள்களில் வந்த சீரிஸ் எஸ்ஸிலும், பிளேஸ்டேஷன் 5 டிஜிட்டல் பதிப்பிலும் இயக்கி கிடையாது, விலையும் குறைவு. 2023இன் மெலிந்த பிளேஸ்டேஷன் 5-இல் இயக்கியைப் பின்னர் வாங்கிப் பொருத்திக்கொள்ளலாம். 2024இல் வந்த புரோ மாதிரி இயக்கி இல்லாமலே விற்கப்படுகிறது. படத் தரத்தில் ஒரு வேறுபாடு குறிப்பிடத்தக்கது: ஓடைப் படங்களில் டால்பி விஷன் என்னும் ஒளிச்செறிவு முறையை எக்ஸ்பாக்ஸ் ஏற்கிறது, பிளேஸ்டேஷன் 5 ஏற்பதில்லை, வட்டுகளில் இரண்டுமே அதை ஏற்பதில்லை. அதற்கேற்ற தொலைக்காட்சி வீட்டில் இருந்து, அறையும் இருட்டாக இருந்தால் மட்டுமே இந்த வேறுபாடு கண்ணில் படும். பகலில் சன்னல் திறந்திருக்கும் அடுக்குமாடி வீட்டு வரவேற்பறையில் அதற்காக விலை கொடுக்க வேண்டியதில்லை.

சொந்தக் கோப்புகளை வைத்திருப்போருக்கோ வேறுபாடு பெரிது. திருமண வீடியோக்கள், பிள்ளைகளின் பரதநாட்டிய அரங்கேற்றம், தைப்பூசத்தில் பத்துமலையில் எடுத்த படங்கள், விசிடியிலிருந்து கணினிக்கு மாற்றிவைத்த பழைய படங்கள் என ஒவ்வொரு வீட்டிலும் ஒரு வெளி வட்டகம் நிறைய இருக்கும். எக்ஸ்பாக்ஸில் விஎல்சி, கோடி, பிளெக்ஸ் ஆகிய படம் ஓட்டும் செயலிகள் மூன்றையும் நிறுவலாம் என்பதால் அநேகமாக எந்த வடிவக் கோப்பும் ஓடிவிடும். ஆர்வலர்கள் பூட்டை உடைத்துச் செய்த அதே கோடியை இன்று நிறுவனமே தன் கடையில் அனுமதிக்கிறது. பிளேஸ்டேஷன் 5-இல் பிளெக்ஸ் உண்டு. ஆனால் வீட்டில் ஒரு கணினி அதற்குச் சேவகம் செய்துகொண்டே இருக்க வேண்டும். முன்னோடியான பிளேஸ்டேஷன் 3 தாராளமாகச் செய்ததை இது செய்வதில்லை. இந்த ஒரு வகையில் எக்ஸ்பாக்ஸுக்கே என் வாக்கு.

ஆனால் தமிழ் வீட்டின் அன்றாடப் பார்வை இப்போது வட்டிலும் இல்லை, கோப்பிலும் இல்லை, செயலிகளில் இருக்கிறது. இங்கேதான் கன்சோல்கள் மறுபடியும் பின்தங்குகின்றன. நெட்ஃபிளிக்ஸ், யூடியூப், பிரைம் வீடியோ போன்ற உலகச் செயலிகள் இரண்டிலும் செவ்வனே ஓடுகின்றன. தமிழ்ப் படங்களையும் தொடர்களையும் முதன்மையாகத் தரும் சேவைகளோ, உள்ளூர் ஒளிபரப்பாளர்களின் செயலிகளோ முதலில் கைப்பேசிக்கும், பிறகு ஆண்ட்ராய்டு தொலைக்காட்சிக்கும்தான் எழுதப்படுகின்றன. எழுதுகிறவர்கள் தங்கள் வாடிக்கையாளர் எங்கே இருக்கிறார்களோ அங்கே போகிறார்கள். அதில் குறை காண முடியாது. கன்சோலின் செயலிக் கடை நீங்கள் பதிவுசெய்த கணக்கின் நாட்டைப் பொறுத்து மாறும் என்பதையும் கவனிக்க வேண்டும். விளையாட்டு மலிவாகக் கிடைக்கிறது என்று வேறொரு நாட்டுக் கணக்கைத் திறந்துகொள்ளும் இளைஞர்கள், மலேசியக் கடையில் உள்ள செயலி தங்கள் பெட்டியில் ஏன் தென்படவில்லை என்று பின்னர் தேடுவார்கள். வாங்கும் முன், வீட்டில் சந்தா கட்டியிருக்கும் சேவைகளின் பெயர்களை எழுதி எடுத்துக்கொண்டு போய், கடையில் இயங்கும் பெட்டியிலேயே அவற்றைத் தேடிப் பார்ப்பதுதான் நம்பகமான வழி. அதேபோல், 2019இல் பழைய ஒளிபரப்பு நிறுத்தப்பட்ட பிறகு அரசு ஒளிபரப்பான ஆர்டிஎம் உள்ளிட்ட இலவச அலைவரிசைகள் டிவிபி-டி2 என்னும் டிஜிட்டல் ஒளிபரப்பு முறையில் வருகின்றன. அதை ஏற்கும் உள்ளமைந்த கருவி எந்தக் கன்சோலிலும் இல்லை. தமிழ்ச் செய்தியை இலவசமாகப் பார்க்க விரும்புபவருக்குத் தொலைக்காட்சியும் அதன் அலைவாங்கியுமே போதும்.

கையில் எதைப் பிடித்துக்கொண்டு படம் பார்ப்பது என்பதும் சின்ன விஷயமல்ல. இரண்டு குச்சிகளும் பத்துக்கு மேற்பட்ட பொத்தான்களும் உள்ள விளையாட்டுக் கைப்பிடியைப் பாட்டியிடம் கொடுத்து அடுத்த பகுதியைத் தேடச் சொல்ல முடியாது. தவறுதலாகக் குச்சியில் விரல் பட்டால் படம் தாவிவிடும். சோனி பிளேஸ்டேஷன் 5-க்கு ஒரு ரிமோட்டைத் தனியே விற்கிறது. எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் பெட்டிகளில் அகச்சிவப்பு ஏற்பி இருப்பதால் பொது ரிமோட்டுகளும் வேலை செய்யும். எச்டிஎம்ஐ கம்பி வழியாகவே தொலைக்காட்சி ரிமோட்டின் கட்டளையைக் கடத்தும் வசதியை இரு தரப்பிலும் அமைப்பில் இயக்கி வைத்துவிட்டால், தனி ரிமோட் இல்லாமலும் ஓரளவு சமாளிக்கலாம்.

மின்சாரத்தைப் பற்றிப் பலரும் கவலைப்படுகிறார்கள். பிளேஸ்டேஷன் 5 விளையாடும்போது ஏறத்தாழ 200 வாட் இழுக்கும். படம் ஓட்டும்போது ஏறத்தாழ 50 வாட். தொலைக்காட்சியில் செருகும் சிறு ஓடைக் கருவிக்கு மூன்று வாட் போதும். நாளுக்கு நான்கு மணி நேரம் படம் பார்த்தால் கன்சோலில் மாதம் ஆறு யூனிட், சிறு கருவியில் அரை யூனிட்டுக்கும் குறைவு. மடங்காகப் பார்த்தால் பெரிய வேறுபாடு. மின்கட்டணமாகப் பார்த்தால் குளிரூட்டியின் ஒரு சில மணி நேரச் செலவு. படம் ஓட்டுவதற்கே ஏறத்தாழ 170 வாட் இழுத்த முதல் பிளேஸ்டேஷன் 3 அதே கணக்கில் மாதம் இருபது யூனிட்டைத் தொடும். பழைய பெட்டியை இரண்டாங்கையாக வாங்கி அன்றாடம் படம் பார்க்க வைத்துக்கொள்வது சிக்கனமாகாது. எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது வெப்பம். ஆண்டு முழுதும் முப்பது டிகிரிக்கு மேல் போகும் ஊரில், கண்ணாடிக் கதவு போட்ட தொலைக்காட்சி அலமாரிக்குள் கன்சோலை அடைத்து வைத்தால் விசிறி ஓயாமல் இரையும், படத்தின் வசனமும் அந்த இரைச்சலில் அமிழும். எக்ஸ்பாக்ஸ் 360 பெட்டிகள் பரவலாகப் பழுதடைந்து, 2007இல் நிறுவனம் உத்தரவாதத்தை மூன்றாண்டாக நீட்டி நூறு கோடி டாலருக்கு மேல் ஒதுக்க நேர்ந்ததில் வெப்பத்துக்கும் பங்கு உண்டு. பின்புறம் ஒரு சாண் இடைவெளி விட்டு, திறந்த பலகையில் வைப்பது பெட்டியின் ஆயுளை நீட்டும். கிள்ளான் பள்ளத்தாக்கின் மாலை நேர இடிமின்னல் தெரிந்ததே. மின்பாய்ச்சல் காப்பு உள்ள செருகுபலகை வாங்குவதோடு, இணையக் கம்பியையும் அந்தக் காப்பின் வழியே கொண்டுபோக வேண்டும், ஏனெனில் இடி பல நேரங்களில் அந்த வழியாகத்தான் உள்ளே வருகிறது.

ஆக, விளையாடும் பிள்ளை வீட்டில் இருக்கிறது, டிவிடியும் புளூ-ரேயும் அலமாரியில் இருக்கின்றன என்றால், வட்டு இயக்கியுள்ள கன்சோலுக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் வீண் போகாது. தனி 4கே புளூ-ரே பிளேயர்கள் கடைகளில் அருகி வருகின்றன. சொந்தக் கோப்புகள் மிகுதி என்றால் எக்ஸ்பாக்ஸ் மேல், ஆனால் இங்கே அது பெரும்பாலும் இறக்குமதிப் பெட்டியாக, கடைக்காரரின் உத்தரவாதத்தோடு மட்டுமே கிடைக்கும் என்பதால், பழுது வந்தால் யார் பார்ப்பார்கள், எத்தனை மாதம் என்பதை ரசீதில் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். வீட்டில் யாரும் விளையாடுவதில்லை, தமிழ்த் தொடரும் புதுப் படமும் பார்த்தால் போதும் என்றால் எந்தக் கன்சோலும் தேவையில்லை. ஆண்ட்ராய்டு தொலைக்காட்சியோ அதில் செருகும் சிறு கருவியோ அந்த வேலையைக் குறைந்த விலையில், கூடுதல் தமிழ்ச் செயலிகளோடு செய்துவிடும். இயக்கியற்ற மலிவுக் கன்சோலைப் படத்துக்காகவும் சேர்த்து வாங்குவதுதான் இவற்றுள் மிகவும் பொருந்தாத தேர்வு. அதில் வட்டும் ஓடாது, தமிழ்ச் செயலியும் குறைவு. விளையாட்டுக்கு மட்டும் என்று தெரிந்து வாங்கினால் தவறில்லை.